பூஜ்ஜியம் காட்டாத எடைமேடை

காலை ஆறே முக்காலுக்கு எடைமேடையின் மேல் லாரி இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. ஆனால் கேபினுக்குள் இருந்த டிஸ்பிளேயில் சிவப்பு எழுத்தில் பத்து கிலோ நின்றது.

ஐம்பது டன்னைத் தாங்கி, பத்துப் பத்து கிலோவாக மட்டுமே எண்ணும் இரும்பு மேடைக்குப் பத்து கிலோ என்பது யானை முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரி. சக்கரத்திலிருந்து உதிர்ந்த சேறு, இடுக்கில் சிக்கிய ஒரு கல், ராத்திரி பெய்த தூறல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எடை போடுகிறவர் கேபின் கதவில் வழக்கம்போல ஒருக்களித்து வெளியே வந்து, படி இறங்கி, மூச்சு வாங்க நின்று, பிறகு துடைப்பத்தை எடுத்து மேடை முழுவதையும் பெருக்கினார். இரும்புத் தகடு காய்ந்துதான் இருந்தது. கல்லும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அதே பத்து. முதல் லாரி ஹாரன் அடித்தது. ஜீரோ பொத்தானை அழுத்தினார். பூஜ்ஜியம் வந்தது. வேலை தொடங்கியது.

கல்குவாரியிலிருந்து வெளியேறும் ஜல்லி லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு கொடுக்கும் வேலையில் அவருக்கு இது இருபதாவது வருஷம். அவர் எடை நூற்று அறுபத்திரண்டு கிலோ. டிரைவர்கள் வைத்த பெயர் ‘டன்’. "டன் அண்ணே, நீங்க கேபின்லயே இருங்க. மேடைப் பக்கம் வந்தீங்கன்னா என் லோடு ஓவர்லோடாயிடும்" என்பான் ஒருவன். அவரே முதலில் சிரிப்பார். நாமே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது அவ்வளவாகக் குத்தாது என்பது அவர் பள்ளிக்கூட நாளிலேயே கற்றுக்கொண்டது.

உடம்பைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிடுவார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும்: பவுடர் கலந்த பால், வடிகட்டிய சூப், மறுபடி பவுடர். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். மனைவி முழங்கையால் இடித்து எழுப்புவாள். ஒன்பது வயது மகள் சில நாள் நடு ராத்திரியில் எழுந்து வந்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போவதை அவர் கண்ணை மூடியபடியே அறிந்திருந்தார். "இப்படியே விட்டா ரெண்டு வருஷம். ஒரு ராத்திரி நின்ன மூச்சு திரும்ப வராது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மறுபக்கம், இதே ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்த அவருடைய மச்சான் தையல் விட்டு, வயிறெல்லாம் சீழ் பிடித்து, ஒன்பதாம் நாள் துணி சுற்றி வீட்டுக்கு வந்தார். அறுத்தாலும் பயம், அறுக்காவிட்டாலும் பயம்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட, தணிந்த குரலில் பேசும் பெண்.

"பசியும் பயமும் நீங்க இல்ல சார். அது ரெண்டும் உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான். தாங்க முடியாமப் போகும்போது கண்ண மூடுங்க. நாலு எண்ணி மூச்ச இழுங்க. அதைக் கையால எடுக்கற மாதிரி வெளிய எடுங்க. எடுத்து, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்துல வைங்க. தள்ளி நின்னு பாருங்க."

"எடுத்தது திரும்ப வந்துடுமா?"

"வந்தா திரும்ப எடுங்க" என்று சிரித்தாள் அவள்.

தண்ணீர் ஆகாரத்தின் மூன்றாம் நாள், அதாவது அந்தப் பத்து கிலோவைப் பார்த்ததற்கு முந்தைய நாள் மதியம், பசி அவரைப் பல்லால் பிடித்துக்கொண்டது. வெளியே லாரி நிழலில் உட்கார்ந்து ஒரு டிரைவர் டப்பாவைத் திறந்தான். வறுத்த இறைச்சியின் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து நேராக அவர் நாக்கின் மேல் உட்கார்ந்தது. இறங்கிப் போய்ப் பிடுங்கித் தின்றுவிடுவோம் என்று அவருக்கே தெரிந்துபோனது. ஜன்னலை அடைத்தார். கண்ணை மூடினார். நாலு எண்ணினார். மார்புக்கூட்டுக்குக் கீழே இரண்டு கையையும் விட்டு அதை வெளியே எடுத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக, அப்போதுதான் ஈன்ற கன்று போலக் கனத்தது. எங்கே வைப்பது? இருபது வருஷமாகத் தன் முன்னால் வந்த எதையும் அவர் ஒரே இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார். மேடையின் நடுவில் வைத்தார்.

கண்ணைத் திறந்தபோது பசி இல்லை. மின்விசிறியை நிறுத்தியது போல, அவ்வளவு சத்தமும் ஒரேயடியாக அடங்கியிருந்தது. அந்த ஆச்சரியத்தில் அவர் டிஸ்பிளேயைப் பார்க்கவில்லை. விரல் மட்டும், ஒரு வண்டி போனபின் அடுத்த வண்டிக்காகச் செய்யும் பழக்கத்தில், ஜீரோ பொத்தானை அழுத்தியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் பத்து. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழு, எட்டு. வழக்கப்படி செய்ய வேண்டியது என்னவென்றால், மேடையின் நடுவிலிருக்கும் இரும்பு மூடியைத் திறந்து கீழே பள்ளத்தில் இறங்கி, தாங்கிகளுக்கு இடையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்ப்பது. அந்த மூடி வழியாக அவர் உடம்பு இறங்கி எட்டு வருஷமாகிறது. ஆகவே பொத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

வாசனை ஆறாம் நாள் வந்தது. முதலில் தேங்கிய தண்ணீர், துரு, பழைய கிரீஸ் என்று பிரித்துச் சொல்லக்கூடிய வாசனைகள்தான். அவற்றுக்கு அடியில், வெயில் ஏற ஏற, வேறொன்று: வெறும் வயிற்றில் இருப்பவன் வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த காற்று. லாரி இல்லாத இடைவெளிகளில் சத்தமும் கேட்டது. சப்பென்று ஒட்டி, மெல்லப் பிரிந்து, மறுபடி ஒட்டும் ஓர் ஈரச் சத்தம். பள்ளத்தில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லிக்கொண்டார். கேபின் நிழலில் படுக்கும் செவலை நாய், டிரைவர்கள் எல்லோரும் பங்கு போட்டு வளர்த்தது, எட்டாம் நாள் மாலை மேடையின் விளிம்பில் நின்று, முதுகு மயிர் சிலிர்க்க, குரைக்காமல் பல்லை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அவர் விழித்தபோது வயிறு நிறைந்திருந்தது. விருந்துக்கு மறுநாள் போல, மந்தமாக. ஏப்பம் வந்தது. ஈர நாய் வாசனை.

"வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் டாக்டர்கிட்ட போட்டுக் குடுக்க மாட்டேன்."

"சத்தியமா இல்லம்மா."

"பசியே எடுக்கலங்கறீங்க. இருபது வருஷமா உங்களோட குப்ப கொட்டறேன், உங்களுக்குப் பசிக்கலன்னா எனக்குக் கைகால் ஓடல."

வேலைக்கு வந்தார். டிஸ்பிளேயில் இருபது. நாயைக் காணோம். ஜீரோவை அழுத்தப் போன விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தியது.

அன்று பதினோரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டி அதுவரை தனக்குச் சொல்லப்பட்ட பொய்களையெல்லாம் மறந்துவிடும். காலி மேடையைப் பார்த்து அது எண்பது என்றது. அவர் விரல் விட்டு எண்ணினார். நாலாம் நாளிலிருந்து எட்டு வரை பத்துப் பத்தாக ஐம்பது. இன்று இருபது. எழுபது. மிச்சப் பத்து எங்கிருந்து வந்தது என்று யோசித்தவருக்கு மூன்றாம் நாள் மதியம் தன் விரல் பார்க்காமல் அழுத்தியது நினைவுக்கு வந்தது. முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தார். பத்தாம் நாள் காலை அவன் வந்தான். ஒல்லியான, ஓயாமல் பேசுகிற ஆள்.

"என்ன டன் அண்ணே, எண்பது கிலோவா? நீங்க ஒரு கால மட்டும் மேடை மேல வச்சிருக்கீங்களா?"

"விளையாடாதப்பா. இறங்க வேணாம். மேலருந்தே டார்ச் அடிச்சுப் பாரு."

"மேலருந்து பாக்கறதுக்கு இது என்ன கிணறா? எலி கூடு கட்டியிருக்கும். இல்லாட்டி உங்க செவல நாய் உள்ள போய் குட்டி போட்டிருக்கும். ஒதுங்குங்க."

மூடியை நெம்பித் திறந்தான். புளித்த காற்று சூடாக மேலே வந்தது. "யப்பா, என்னண்ணே, உள்ள எவனாவது செத்துட்டானா?" என்று மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டு இறங்கினான். முதலில் அவன் தலை மறைந்தது, பிறகு டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் அலைந்தது.

"தாங்கி எல்லாம் சுத்தமாத்தாண்ணே இருக்கு. இங்க ஓரத்துல என்னமோ... சுவரா இது? மெத்துன்னு இருக்கு. சூடா—"

பேச்சு அங்கே நின்றது. பிறகு வந்தது பேச்சல்ல. ஜல்லி அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டி அந்த அலறல் குவாரி முழுவதும் கேட்டது. அவர் மூடியருகே குப்புற விழுந்து கையை உள்ளே விட்டு, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். எதிர்ப்பக்கம் ஏதோ இழுத்தது. கிழிபடும் சத்தம் துணியுடையது அல்ல. பிறகு பிடி சட்டென்று விட்டுப்போக, மெக்கானிக் அவர் நெஞ்சின் மேல் வந்து விழுந்தான். வலது முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. எலும்பு முனை வெள்ளையாக, ஈரமாக, சப்பி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. ரத்தம் அதற்கப்புறம்தான், இரண்டு நொடி தாமதித்து, பீய்ச்சி அடித்தது.

"இழுத்துச்சுண்ணே" என்றான் அவன், குழந்தை போல. "இழுத்துச்சு."

தீயணைப்பு ஆட்கள் வந்து பள்ளத்தைத் துழாவினார்கள். முழங்கால் அளவு தண்ணீர், வேறொன்றுமில்லை. கை கிடைக்கவில்லை. மேடை சரிந்து நசுக்கியிருக்கும், எலி இழுத்துப் போயிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். முதலாளி போனில், ஆள் வந்து சோதிக்கும்வரை குவாரியையே மூடிவைக்கச் சொன்னார். "நீ மட்டும் கேபின்ல இரு. ஒருத்தனையும் கிட்ட விடாத. ஆபரேஷனுக்குப் போறப்போ சாவியக் குடுத்துட்டுப் போ."

கை கழுவும்போதுதான் அவர் அதைக் கவனித்தார். குழாயடியில் ரத்தம் சுழன்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் அலறல் காதில் இன்னும் அடங்கவில்லை. கண்ணீர் கூட வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் வயிறு இதமாக, சுகமாக, சூடாக இருந்தது.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் முதுகில் தட்டினார். "பத்து நாள்ல பதினாலு கிலோவா! பசி எப்படி?"

"இல்ல டாக்டர். சுத்தமா இல்ல."

"கொடுத்து வச்சவர்யா நீங்க."

"டாக்டர், வெட்டி எடுக்கற வயித்த என்ன பண்ணுவீங்க?"

"எரிச்சுடுவோம். ஏன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா?"

மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து இன்னொன்று கிளைத்து அவரைப் பிடித்துக்கொண்டது. மேடைக்கடியில் கிடக்கும் பசி இத்தனை காலம் குடியிருந்த வீடு அந்த வயிறு. வீட்டை இடித்து எரித்துவிட்டால் அது எங்கே திரும்பும்? திரும்ப இடமில்லாமல் அங்கேயே, வெளியே, வளர்ந்துகொண்டே இருக்கும். அறுக்காமல் அதை உள்ளே அழைத்துக்கொண்டால் இரண்டு வருஷம், மூக்கருகே மகளின் விரல், ஒரு ராத்திரி. யாரிடம் சொல்வது? ஆலோசகரிடம் போனில் ஆரம்பித்தார். "நீங்க சொன்ன மாதிரி வெளிய எடுத்து வச்சேன்மா. அது அங்கேயே இருக்கு." அவள் மகிழ்ந்துபோனாள். "ரொம்ப நல்லது சார். அப்படியே விட்டுடுங்க."

பதினாலாம் நாள். மாலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தவர் ஐந்தே முக்காலுக்கும் கேபினுக்குள்ளேயே இருந்தார். குவாரி வெறிச்சோடிக் கிடந்தது. அரவை இயந்திரம் நின்றபின் இத்தனை நாள் அதற்கு அடியில் மறைந்திருந்த சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வந்திருந்தன: ஜல்லிக் குவியலிலிருந்து தானாக உருளும் ஒரு கல், தகரக் கூரை குளிர்ந்து சுருங்கும் டிக் டிக், மேடைக்குக் கீழே அந்த ஈரமான ஒட்டலும் பிரியலும், இப்போது முன்னைவிட நிதானமாக, தூங்குபவனின் மூச்சு போல. டிஸ்பிளேயில் நூற்று நாற்பது. மூன்று நாளாக யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனாலும் ஏறியிருந்தது. குவாரியில் இப்போது ஒரு பூனை, ஒரு எலி, ஒரு குருவிகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் ஏழாவது தடவை அடித்தது. மனைவி. எடுக்கவில்லை. அணைத்துவைத்தார்.

"நான் போகல" என்றார் சத்தமாக.

கீழே மூச்சு நின்றது. கேட்பது போல.

அரை மணி நேரம் அப்படியே இருந்தார். வெளிச்சம் சாம்பல் நிறமானது. அப்போது வாயிலில் வாடகைக் காரின் விளக்குகள் திரும்பின. தடுப்புக் கம்பி இறக்கியிருந்ததால் கார் அங்கேயே நின்றது. கதவு திறந்து அவர் மனைவி இறங்கினாள். பின்சீட்டில் மகளின் தலை தெரிந்தது. வாயிலிலிருந்து கேபினுக்கு இரண்டு பக்கமும் ஜல்லிக் குவியல். வழி ஒன்றே ஒன்று.

மேடை.

லாரிகளைக் கூப்பிடும் மைக்கைப் பிடித்தார். "வராத! அங்கயே நில்லு!"

ஒலிபெருக்கியில் அது எரிச்சலாக, உத்தரவாகக் கேட்டது. அவள் நிற்கவில்லை. மேடையில் ஏறினாள். டிஸ்பிளே இருநூறு காட்டியது.

"இறங்கு! இறங்குடி!"

அதற்குத்தான் நின்றாள். சரியாக நடுவில், இடுப்பில் கையை வைத்து.

"எதுக்குக் கத்தறீங்க? போன ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கு மட்டும் பயமில்லையா? புள்ள கார்ல அழுதுட்டு உக்காந்திருக்கு. இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டு—"

அவள் காலருகே இரும்பு மூடி நகர்ந்தது. உள்ளிருந்து.

அவர் ஓடினார். எட்டு வருஷத்தில் ஓடியதில்லை. கதவில் நேராகவே வெளியே வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவள் ஒரு கால் இடுப்புவரை துளைக்குள் போயிருந்தது. இரண்டு கையாலும் தகட்டைப் பிறாண்டினாள். நகங்கள் பிய்ந்தன. அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். கீழேயும் இழுத்தது. ஒரு எலும்பு முறியும் சத்தம், காய்ந்த சுள்ளி போல. அவள் அலறினாள். பிறகு மெல்லும் சத்தம்.

அவர் வயிற்றில் ஒரு கவளம் விழுந்தது.

சூடாக. உப்பாக.

இன்னொன்று.

அவருக்குப் புரிந்தது. ஒரு வழிதான் இருந்தது. கண்ணை மூடினார். நாலு எண்ணவில்லை. மார்பைத் திறந்தார், கதவைத் திறப்பது போல.

"வா" என்றார். "என்கிட்டயே வந்துடு. அவள விடு. வா."

பிடி விட்டது.

இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். மேடைக்குக் கீழே நிசப்தம். வெறும் தண்ணீர்ச் சொட்டு. டிரைவர்கள் பார்ப்பதற்காகக் கேபினுக்கு மேலே வைத்திருந்த பெரிய பலகையில் எண்கள் சரசரவென இறங்கி நின்றன. இருநூற்றுப் பத்து. தான் நூற்று நாற்பத்தெட்டு. அவள் அறுபது. மேடையில் வேறொன்றும் இல்லை.

அவளுக்கு வலது கணுக்காலுக்குக் கீழே பாதம் இல்லை. அவர் தன் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கை வழுக்கியது. ரத்தம் விரலிடுக்கெல்லாம் வெதுவெதுவென்று வழிந்தது. அவள் அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். பல் கிட்டிக்கொண்டது. நடுங்கினாள்.

"விடாதீங்க" என்றாள். "என்ன விட்டுடாதீங்க."

"விட மாட்டேன்மா."

அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. கழுத்தில் நரம்பு துடித்தது. வேர்வை. சோப்பு. அதற்குக் கீழே, தோலுக்குக் கீழே, அந்தச் சூடு.

பதினோரு நாள் பசி.

நாய் தின்று, கை தின்று, பாதம் தின்று, இன்னும் தீராத பசி.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார். மறுபடி ஊறியது.

அவளைத் தள்ளிவிட நினைத்தார். கைகள் இறுகின. முகம் அவள் கழுத்துக்குக் குனிந்தது.

"வலிக்குதுங்க" என்றாள் அவள், மெதுவாக. "ஏங்க. வலிக்குது."

வாயில் பக்கம் கார்க் கதவு திறந்தது. ஜல்லியில் சின்னக் காலடிகள் ஓடிவந்தன. மேடையின் விளிம்பில் நின்றன.

"அப்பா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.